ஆயில் எஞ்சினுக்குத் துணைத் தொட்டி: டீசல் வழிவது ஏன்?

5 குதிரைத்திறன் ஆயில் எஞ்சின் முழுச் சுமையில் ஓடினால் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் செலவாகும். இரவில் எழுந்து எழுந்து டீசல் ஊற்ற முடியாது என்பதால், உழவர்கள் சிலர் எஞ்சின் தொட்டியுடன் ஒரு கேனைக் குழாய் மூலம் இணைத்து விடுகின்றனர். வசதிதான். ஆனால் விடிந்ததும் போய்ப் பார்த்தால் எஞ்சின் மேடை முழுதும் டீசல் வழிந்து கிடக்கும். காசு வீணாவதோடு போவதில்லை. புகைக்குழாய்ச் சூடு பட்டால் தீப்பிடிக்கலாம். கிணற்றில் இறங்கினால் நீர் கெடும்.

தொட்டி மூடியை மாற்றிப் பயனில்லை. குறை கேனின் உயரத்தில் இருக்கிறது. குழாயால் இணைந்த இரண்டு பாத்திரங்களில் எண்ணெய் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். கேனைச் செங்கல் அடுக்கி மேலே வைத்தால், மட்டம் சமமாகும் முன்பே சிறிய தொட்டி நிரம்பி, மூடியிலுள்ள காற்றுத் துளை வழியே வழியும். அத்துளையைச் சோப்பு வைத்து அடைப்பவர்களும் உண்டு! அப்படிச் செய்தால், கேன் குழாயின் திருகை மூடியதும் தொட்டிக்குக் காற்று கிடைக்காமல் எஞ்சின் திணறி நின்றுவிடும்.

கேனை நிறுத்தாமல், வாய் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். கேன் நிறைந்திருக்கும்போதும் அதன் எண்ணெய் மட்டம் எஞ்சின் தொட்டியின் மூடிக்கு நான்கு விரற்கடை கீழே இருக்க வேண்டும். தொட்டியின் அடிக்குழாயில் 'டீ' வைத்து இணைத்தால் இரண்டிலும் மட்டம் சேர்ந்தே இறங்கும். கேனின் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். கேன் மூடியிலும் சிறு காற்றுத் துளை தேவை.

சிலர் தொட்டியை விட்டுவிட்டுக் கேனிலிருந்து நேரே பில்டருக்குக் குழாய் இழுக்கின்றனர். அப்போதும் தொட்டி வழிவதைக் கண்டு வியப்படைவார்கள். நாசிலில் கசியும் மிகுதி எண்ணெய் மெல்லிய குழாய் வழியாகப் பழைய தொட்டிக்கே திரும்புகிறது. அங்கிருந்து எடுப்பார் இல்லை. சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து ஒரு நாள் பொங்கி வழியும். இரண்டாவது தொட்டி பொருத்திய டீசல் பிக்கப் வண்டிகளிலும் இதே கோளாறு வருவதுண்டு. இத்தகைய இணைப்பில் திரும்பும் குழாயைச் சுத்தமான தனி டப்பாவில் விட்டு, நாள்தோறும் கேனில் ஊற்றிக்கொள்ளவும். டப்பா வழக்கத்தைவிட விரைவில் நிரம்பினால் நாசில் தேய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டவும்.

கேனை வாய்வரை நிரப்பாதீர்கள். காலைக் குளிரில் நிரப்பிய 35 லிட்டர் டீசல், வெயிலில் 20 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் பெருகும். நிழலில் வைப்பதே நல்லது. இணைப்புக்குச் சைக்கிள் டியூப் உதவாது. டீசலில் ஊறி உப்பி, பிடி தளர்ந்து கழன்றுவிடும். டீசல் குழாய் என்றே கேட்டு வாங்கி, இரு முனையிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள். கேனின் அடியில் ஒரு திருகும் இருக்கட்டும். எஞ்சினை நிறுத்தியதும் அதை மூடிவிட்டே வீடு திரும்புங்கள்.