நீர்மட்டத்துக்குக் கீழே நிற்கும் மனிதர்

மாநாடு என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் மனக்கண்முன் தோன்றும் காட்சி யாது? வாழைமரமும் தோரணமும் கட்டிய பந்தல், நிறைகுடம், குத்துவிளக்கு, மாலை சுமந்த தலைவர், வரவேற்புரையில் தொடங்கி நன்றியுரையில் முடியும் நீண்ட நிகழ்ச்சிநிரல். அங்கே சாதனைகள் மேடையேறும். தவறுகளோ வீட்டிலேயே வைத்துப் பூட்டப்படும். "நான் செய்த பிழை இது, நீங்களும் இதைச் செய்துவிடாதீர்கள்" என்று ஒருவர் எழுந்து நின்று சொல்ல நாம் கேட்டதுண்டா?

அவ்வாறு சொல்வதையே மரபாகக் கொண்ட மாநாடுகளும் உலகில் உண்டு. கப்பல் யந்திரங்களை அமைத்தும் இயக்கியும் வாழும் கடற்பொறியியலாளரின் சங்கங்கள் அத்தகைய மாநாடுகளை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடத்தி வருகின்றன. கொதிகலம் வெடித்தால் ஏன் வெடித்தது, சுழல்தண்டு முறிந்தால் எவ்விடத்தில் முறிந்தது என்று தொழில்நண்பர் முன்னிலையில் விரித்துரைப்பது அவற்றின் தலையாய பணிகளுள் ஒன்று. அந்தப் பேச்சினால் எத்தனை உயிர்கள் காக்கப்பட்டன என்று கணக்கிட்டுக் கூற எவராலும் இயலாது. நேராத விபத்துக்குக் கணக்கு ஏது?

தேரும் கட்டையும்

தேர்த்திருவிழாவில் நம் கண்கள் சுவாமியைப் பார்க்கும், வடம் பிடிப்போரைப் பார்க்கும், மேளக்காரரையும் பார்க்கும். சில்லுக்கருகே குனிந்து, தக்க தருணத்திற் கட்டை போட்டுத் தேரைத் திருப்புகின்றவரைப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவர் கைதவறினால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கப்பலிலும் நிலைமை இதுவே. மாலைவேளையிற் காலிமுகத்திடலில் நின்று, கொழும்புத் துறைமுகத்தை நோக்கி வரும் கப்பல்களைக் காட்டும்போது, பிள்ளைகள் கப்டனைப் பற்றியே வினவுவர். அக்கப்பலின் வயிற்றினுள்ளே, நீர்மட்டத்துக்குக் கீழே, வெப்பமும் இரைச்சலும் நிறைந்த அறையில், ஆகாயத்தையும் கடலையும் காணாது நிற்கும் சிலரது விழிப்பினாலேதான் அஃது அசைகின்றது என்பது கரையிலிருப்போர்க்குப் புலப்படுவதில்லை.

சங்கம் பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாய்மரம் பின்வாங்கி நீராவி முன்வந்தது. 1857 இல் ஸ்கொத்லாந்திற் பொறியியலாளர்க்கும் கப்பல் கட்டுவோர்க்கும் ஒரு சங்கமும், 1860 இல் இலண்டனிற் கப்பற் சிற்பிகளுக்கு ஒரு சங்கமும் தோன்றின. 1862 இல் இயற்றப்பட்ட பிரித்தானியச் சட்டம், மாலுமித் தலைவர்களைப் போலவே கப்பற் பொறியியலாளரும் தேர்வெழுதித் தகுதிச் சான்றிதழ் பெறவேண்டுமென விதித்தது.

ஆயினும், பட்டறையிற் பயிற்சி பெற்று யந்திர அறையில் முதிர்ந்தவர்க்கு உரிய அறிவுக்கழகம் ஒன்று வேண்டியிருந்தது. ஒரு கப்பலின் பொறியியலாளர் ஒரு பயணத்திற் கற்ற பாடம் அவருடனேயே அடுத்த பயணத்துக்குப் போய்விடும். ஒருவர் வங்காள விரிகுடாவிற் பட்டறிந்ததை இன்னொருவர் அத்திலாந்திக் கடலிற் புதிதாகப் பட்டே அறியவேண்டியிருந்தது. அந்நிலையில், இலண்டன் மாநகரின் கிழக்குப் புறத்தில், 1889 இற் கடற்பொறியியலாளர் சங்கம் நிறுவப்பட்டது. பௌதிக மேதையான கெல்வின் பிரபுவும், நீராவிச் சுழலியை ஆக்கிய சார்ள்ஸ் பாசன்ஸும் பின்னர் அதன் தலைமைப் பதவியை அலங்கரித்தனர். 1933 இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. கடல் விஞ்ஞானிகளையும் தழுவிக்கொண்டு, 2001 முதல் அது கடற்பொறியியல், விஞ்ஞானம், தொழினுட்பம் ஆகியவற்றுக்கான நிறுவனமாக விளங்குகின்றது.

இத்தகைய கழகங்களின் கூட்டமுறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒருவர் தமது அனுபவத்தைக் கட்டுரையாக எழுதுவார். அது முன்கூட்டியே அச்சிட்டு அங்கத்தவர்க்கு அனுப்பப்படும். கூட்டத்தில் அதன் சாரம் வாசிக்கப்பட்டதும், கேட்டோர் எழுந்து வினவுவர், மறுப்பர், தாம் கண்டதையுங் கூறுவர். வரமுடியாதவர் கடிதம் எழுதுவர். ஆசிரியர் யாவற்றுக்கும் விடையிறுப்பார். கட்டுரை, வினா, மறுப்பு, விடை அனைத்தும் சங்கத்தின் வெளியீட்டில் ஒருங்கே அச்சாகும். தூரதேசத் துறைமுகமொன்றில் அதனை வாசிக்கும் இளம் பொறியியலாளன், இலண்டன் மண்டபத்தில் அமர்ந்திருந்தவன் பெற்ற பயனிற் பெரும்பகுதியைப் பெறுவான்.

தோல்வியைச் சொன்ன மேதை

பாசன்ஸின் வரலாறு இதற்குச் சிறந்த உதாரணம். 1894 இல் நீராவிச் சுழலி பொருத்திய "டேர்பீனியா" என்னும் சிறு கலத்தை அவர் நீரில் இறக்கினார். யந்திரம் அதிவேகமாகச் சுழன்றது. கலமோ எதிர்பார்த்த விரைவுக்கு அண்மையிலும் செல்லவில்லை. யந்திரத்திற் குற்றமில்லையெனில், குற்றம் எங்கே?

சிறிய நீர்த்தொட்டி ஒன்றில் உந்துசக்கரத்தைச் சுழலவிட்டு அவர் கூர்ந்து நோக்கினார். மிகையான வேகத்திற் சக்கரத்தின் இதழ்களையொட்டி நீர் பிளந்து, வெற்றிடக் குமிழிகள் தோன்றுவதைக் கண்டார். சக்கரம் நீரைத் தள்ளாது வெறுமையிற் சுழன்றது. சேற்றிற் புதைந்த வண்டிச்சில்லு சுற்றச் சுற்ற வண்டி நகராதிருப்பதைப் போன்றது இது. ஒரு தண்டுக்குப் பதிலாக மூன்று தண்டுகளும், ஒவ்வொரு தண்டிலும் மும்மூன்று உந்துசக்கரங்களும் அமைத்தபின் குறை நீங்கியது. 1897 ஆம் ஆண்டு யூன் மாதம், விக்ரோறியா மகாராணியாரின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில், மணிக்கு ஏறக்குறைய 34 கடல்மைல் வேகத்தில் டேர்பீனியா பாய்ந்தோடியதைக் கண்டு உலகம் வியந்தது.

அந்த வியப்பைப் பலரும் எழுதியுள்ளனர். நாம் போற்ற வேண்டியது, அதே ஆண்டிற் கப்பற் சிற்பிகள் சங்கத்தின் முன்னிலையில் அவர் வாசித்த கட்டுரையையே. வெற்றியோடு தோல்வியையும், தோல்வியின் காரணத்தையும் அவர் அங்கே எடுத்துரைத்தார். இக்குமிழித் தொல்லை இன்றுங்கூட உந்துசக்கரம் அமைப்போர் யாவரும் முதலிற் கணக்கிலெடுக்கும் விடயமாகும்.

அணையாத விளக்குகள்

சங்கத்தின் பணி அறிவோடு நின்றுவிடவில்லை. 1912 ஆம் ஆண்டு ஏப்பிரில் 14 ஆந் திகதி இரவு 11.40 மணிக்கு "டைட்டானிக்" பனிப்பாறையில் மோதிற்று. 15 ஆந் திகதி அதிகாலை 2.20 மணிக்கு அது மூழ்கியது. இடைப்பட்ட இரண்டு மணி நாற்பது நிமிட நேரத்திற் படகுகள் இறக்கப்பட்டன. அபாயச் செய்திகள் வானொலி வழியே அனுப்பப்பட்டன. இவற்றுக்கு வேண்டிய வெளிச்சமும் மின்சாரமும் எங்கிருந்து வந்தன? தலைமைப் பொறியியலாளர் யோசப் பெல்லும் அவருடைய துணைவரும் கீழே நின்று யந்திரங்களை இயங்கச் செய்தனர். கப்பல் மூழ்குவதற்குச் சற்று முன்னர் வரையில் விளக்குகள் எரிந்தன. பொறியியலாளர், மின்வினைஞர் முதலியோர் 35 பேரில் ஒருவரேனும் உயிர்பிழைக்கவில்லை.

அவர்களுடைய மனைவியர் கதி என்ன? பிள்ளைகளின் கல்வி என்னாவது? கடற்பொறியியலாளர் சங்கம் பத்திரிகை ஒன்றின் துணையுடன் நிதி திரட்டியது. அந்த நிதியே பின்னர் தருமச் சகாயக் கழகமாக வளர்ந்து, இடருற்ற கடற்பொறியியலாளரின் குடும்பங்களை இன்றுவரை தாங்கி வருகின்றது. 1914 இற் சவுதம்டன் நகரில் அப்பொறியியலாளர் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது பெருந்திரளான மக்கள் கூடினர். அதே ஆண்டு சனவரியிற் கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான முதலாவது சர்வதேச உடன்படிக்கையும் இலண்டனிற் கைச்சாத்தாயிற்று.

ஒரு பெண்மணியின் உறுதி

சங்கம் தனது கதவை முதன்முதலாகத் திறந்துவிட்ட பெண்மணி விக்ரோறியா டிரமண்ட். 1894 இற் பிறந்த இவர், ஸ்கொத்லாந்திலுள்ள டண்டீ நகரிற் கப்பற் பட்டறையில் எண்ணெய்க் கறையோடு தொழில் பயின்றவர். 1926 இல் இரண்டாம் பொறியியலாளர் சான்றிதழ் பெற்றார். தலைமைப் பொறியியலாளர் தேர்வோ அவருக்குத் தொடுவானம் போல விலகிக்கொண்டே சென்றது. முப்பத்தேழு முறை அவர் "தவறியதாக" அறிவிக்கப்பட்டது என்பர். பெண் என்பதைத் தவிர வேறு குறை அவரிடத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. ஈற்றிற் பனாமா நாட்டின் சான்றிதழையே அவர் பெற்றார்.

1940 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆந் திகதி, அத்திலாந்திக் சமுத்திரத்தில், அவர் பணியாற்றிய "பொனீற்றா" கப்பலை விமானமொன்று குண்டுவீசித் தாக்கியது. யந்திர அறையிலிருந்த ஏனையோரை மேலே செல்லுமாறு பணித்துவிட்டு, அவர் மட்டும் அங்கு நின்றார். குழாய் மூட்டொன்று நெகிழ்ந்து எண்ணெய் முகத்தில் வழிய, ஒரு கையாற் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றியவாறு, ஒன்பது கடல்மைல் வேகத்திற் சென்ற கப்பலைப் பன்னிரண்டரை கடல்மைல் வேகத்துக்கு உயர்த்தினார். அந்த மேலதிக வேகமே கப்பற்றலைவர் குண்டுகளுக்குத் தப்பி வளைந்து செல்ல உதவியது. தேர்வாளர் மறுத்த தகுதியைக் கடல் ஒப்புக்கொண்டது! மறு ஆண்டு அவருக்கு அரச விருதும், லொயிட்ஸ் நிறுவனத்தின் வீரப்பதக்கமும் வழங்கப்பட்டன.

நமது கரையோரத்திலே

இவை யாவும் எங்கோ நிகழ்ந்த பழங்கதைகள் என்று எண்ணற்க. 2020 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3 ஆந் திகதி, குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெயுடன் சென்ற "நியூ டயமண்ட்" என்ற கப்பல், நமது கிழக்குக் கரையிற் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. யந்திர அறையிற் கொதிகலம் வெடித்தமையே தொடக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் மாண்டார். இலங்கை, இந்தியப் படையினரின் பல நாள் முயற்சியால் எண்ணெய்த் தாங்கிகள் காப்பாற்றப்பட்டன. அவை பிளந்திருப்பின், அம்பாறைக் கரையோர மீனவரின் வலையும் வயிறும் என்னவாகியிருக்கும்?

2024 ஆம் ஆண்டு மார்ச் 26 ஆந் திகதி, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்ட "டாலி" என்ற கொள்கலக் கப்பல் மின்சாரத்தை இழந்து, பெரும் பாலமொன்றின் தூணில் மோதியது. பாலம் சரிந்து, அதன்மேல் வேலைசெய்த ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். 2025 நவம்பரில் விசாரணைச் சபை தன் முடிவை வெளியிட்டது. முந்நூறு மீற்றர் நீளமான அக்கப்பலை முதலில் இருளாக்கியது ஒரு மின்கம்பி. அதன் பெயர்ச்சுட்டி சரியான இடத்திற் பொருத்தப்படாமையாற் கம்பியின் முனை உள்ளே முழுமையாகப் புகவில்லை, காலப்போக்கிற் கழன்றது. மின்சாரம் மீண்டதும் மறுபடியும் அற்றுப்போனதற்கு, தானாக மீண்டும் இயங்காத ஒரு பம்பி எரிபொருளூட்டப் பயன்படுத்தப்பட்டமை காரணமாயிற்று. விரல்நுனியளவான ஒரு சுட்டி, ஆறு உயிர்கள்!

கடற்பொறியியலாளர் கூடிப் பேசவேண்டியவை இத்தகைய சிறு விடயங்களே. இரண்டாண்டுக்கொருமுறை கூடும் சர்வதேசக் கடற்படைப் பொறியியல் மாநாடு 2022 இல் ஒல்லாந்தின் டெல்வ்ற் நகரிலும், 2024 இல் லிவர்பூலிலும் நடைபெற்றது. அதனை நடத்துவது மேலே குறித்த இலண்டன் நிறுவனமே. எரிபொருள் மாற்றமோ இக்காலத்தில் இத்தொழிலின் பெருங்கவலையாக உள்ளது. 2050 அளவிற் கப்பற்றுறையின் வெப்பவாயு வெளியேற்றத்தை நிகரளவிற் பூச்சியமாக்குவதென 2023 இற் சர்வதேசக் கடல்சார் அமைப்பு குறிக்கோள் வகுத்தது. அதற்கென மெதனோலும் அமோனியாவும் முன்வைக்கப்படுகின்றன. மெதனோலின் சுவாலை பகல்வெளிச்சத்திற் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. அமோனியாவோ நச்சுவாயு. கரையிலிருந்து தீட்டும் திட்டம் எதுவாயினும், அந்த எரிபொருளின் பக்கத்தில் இரவுமுறை நிற்கப்போகின்றவன் யந்திர அறையின் இளைஞனே. அவனுக்கு முன்னே அதனைக் கையாண்டவர் தாம் கண்ட ஆபத்தை ஒளிக்காது சொல்லியிருந்தால், அவன் பத்திரமாக வீடு திரும்புவான்.

நமக்கும் ஒரு பாடம்

நமது வீடுகளிலும் கடலுக்குச் செல்லும் பிள்ளைகள் உளர். அவர்களை அனுப்பும் பெற்றோர் சம்பளத்தை விசாரிக்கின்றனர், தவறன்று. அதனோடு, "தொழிற்சங்கத்திற் சேர்ந்தாயா? பிறர் பட்டறிந்ததை வாசிக்கின்றாயா? பழுதைக் கண்டால் மேலதிகாரிக்கு அஞ்சாது சொல்வாயா?" என்றும் விசாரிப்பார்களாக.

வகுப்பறையில் இருபது ஆண்டுகளாக ஒன்றைக் கண்டு வருகின்றேன். கணக்குப் பிழைத்த மாணவன் முதலிற் செய்வது, ஆசிரியர் காணுமுன் அழிப்பானைத் தேடுவதே. அழித்தபின் எங்கே பிழைத்தான் என்பதை அவனும் அறியான், பக்கத்திலிருப்பவனும் அறியான், அடுத்த கணக்கிலும் அதே பிழை. "அழியாதே, அதன் பக்கத்திலே சரியானதை எழுது" என்று நான் சொல்வதுண்டு. பிழையை அழிக்காது பக்கத்தில் வைத்துக் கற்றோரின் வரலாறே மேலே யான் கூறியது.

அடுத்தமுறை காலிமுகத்திடலில் நின்று கப்பலைப் பார்க்கும்போது, கப்டன் நிற்கும் மேற்றளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பின்னர் உங்கள் விரலைச் சற்றுக் கீழே இறக்கி, நீர் தொடும் இடத்தையும் காட்டுங்கள்.