திண்ணையில் பிறந்த பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடம் என்றதும் கட்டிடமும் கரும்பலகையும் பெஞ்சும் மணியும் நம் கண்முன் வருகின்றன. ஆனால் நம் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில் பள்ளி பிறந்தபோது அதற்குச் சுவரே கிடையாது. ஒரு வீட்டுத் திண்ணையே பள்ளி. அந்தத் திண்ணைக்குக் கூரையும் சுவரும் வந்தது எப்படி? அதில் உட்கார இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணலே சிலேட்டு

அந்நாளில் ஊரில் வசதியுள்ள ஒருவர் தம் வீட்டுத் திண்ணையை ஒதுக்கித் தருவார். அல்லது ஆசிரியரே தம் வீட்டுத் திண்ணையில் பாடம் நடத்துவார். கோயில் மண்டபமும் மரத்தடியும்கூட வகுப்பறையானதுண்டு. விஜயதசமியன்று பிள்ளையைச் சேர்ப்பது வழக்கம். தரையில் மணலைப் பரப்பி, எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். கை பழகிய பிறகே பனையோலையும் எழுத்தாணியும் கிடைக்கும்.

ஆத்திசூடி, கொன்றை வேந்தன் ஆகியவற்றோடு எண்சுவடியும் மனப்பாடம் செய்யப்பட்டது. இருபதில் ஒரு பங்கு 'மா', எண்பதில் ஒரு பங்கு 'காணி', முந்நூற்றிருபதில் ஒரு பங்கு 'முந்திரி' என்று நுண்ணிய பின்னங்களையும் சிறுவர்கள் ஒப்பித்தனர். நிலத்தை அளக்கவும் நெல்லைப் பங்கிடவும் இக்கணக்கு தேவைப்பட்டது.

ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளோ பல நிலையினர். எனவே மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். எளிய இந்த ஏற்பாடு கடல் கடந்து சென்றது என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

கடல் கடந்த திண்ணை

1789-இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் போதகர். ஒருநாள் காலை குதிரையில் செல்லும்போது, நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். தம் விடுதியிலும் அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் அது ஆகாத காரியம் என்றார். பெல் விடவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். பிள்ளைகள் விரைவில் எழுத்துகளைக் கற்றனர்.

இந்த அனுபவத்தை அவர் 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச் சென்ற பொருளால் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் காலேஜ்' என்றே பெயர்.

கணக்கில் வந்த உண்மை

1822-இல் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று கணக்கெடுக்கக் கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். அந்தக் கணக்கைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. நம் பகுதியை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் 500-க்கு மேல் இருந்தன. ஆசிரியரின் வருவாயோ மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் பெரும்பாலும் இல்லை. இவ்வளவு குறைந்த வருவாயில் இத்தனை பள்ளிகள் நடந்தது ஊராரின் ஆதரவினால்தான்.

ஆனால் அதே கணக்கு வேறோர் உண்மையையும் சொல்கிறது. பயின்ற 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேரே. நூற்றுக்கு மூவர்கூட இல்லை! சட்டாம்பிள்ளையின் தங்கை வீட்டு வாசலில் நின்று பாடத்தைக் கேட்டிருக்கலாம். திண்ணையில் அமர அவளுக்கு இடமில்லை. திண்ணை என்பது ஒருவர் வீட்டின் பகுதியாதலால், தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் அதை நெருங்கவும் இயலவில்லை. திண்ணைப் பள்ளியைப் போற்றும் நாம் இதை மறைத்துப் பேசலாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மெல்ல அசைந்தது. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் அவல நிலையை விளக்கி அரசுக்கு அறிக்கை அளித்தார். அக்காலத்தில் திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் கவுடி அம்மக்களிடையே பணியாற்றினார். சேரிகளில் ஓலைக் கொட்டகைகளில் சிறு பள்ளிகள் தோன்றின. திண்ணைக்கு வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிப் பள்ளி சென்றது.

கடம்பத்தூரில் ஒரு தொடக்கம்

நாடு விடுதலை பெற்றபின், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், முந்நூறு பேர் வாழும் சிற்றூருக்கும் ஒரு மைல் தொலைவுக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்னும் கொள்கை வகுக்கப்பட்டது. ஓராசிரியர் பள்ளிகள் பெருகின. பள்ளி வந்தது; ஆனால் பல இடங்களில் கூரை ஒழுகியது, கரும்பலகை இல்லை, குடிக்கத் தண்ணீர்ப் பானை இல்லை.

அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிக்கு என்ன குறை என்று ஊராரிடமே சொல்லி, அவர்களையே நிறைவு செய்யும்படி கேட்டார். இதற்கான முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு 1958-இல் நடந்த இடம் நம் கடம்பத்தூர்! பின்னர் மாநிலமெங்கும் இத்தகைய மாநாடுகள் நடந்தன. நிலம் உள்ளவர் நிலம் தந்தார். இயன்றவர் கட்டிடம் கட்டித் தந்தனர். பிறர் பெஞ்சு, கடிகாரம், மணி, குடம் என்று கொடுத்தனர். திண்ணையைக் கொடுத்த பழைய வழக்கம் இவ்வாறு புது வடிவம் பெற்றது. 1956-இல் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் விரிவான சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் பசித்த பிள்ளையைப் பள்ளியில் நிலைக்கச் செய்தன.

இன்று வெளியே நிற்பவர் யார்?

இன்று நம் வகுப்பறைகளில் பெண்கள் நிறைந்திருக்கிறோம். இரு நூற்றாண்டுகளுக்கு முன் நூற்றுக்கு மூவராக இல்லாதவர்கள் இன்று இப்பத்திரிகையில் கட்டுரை எழுதுகிறோம். ஆனால் கதை முடிந்துவிடவில்லை.

நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஆண்டுதோறும் ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. பொங்கலை ஒட்டி வந்து, மழைக்கு முன் திரும்பும் அவர்களோடு பிள்ளைகளும் வருகிறார்கள். ஊரில் விட்ட பாடம் இங்கே தொடர்வதில்லை. இங்குள்ள மொழியும் தெரியாது. இவர்களுக்காகச் சூளையருகிலேயே வகுப்புகள் அமைத்து, ஒடியா மொழிப் பாடநூல்களைக் கொண்டு கற்பிக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. தகரக் கூரையின் கீழ் நடக்கும் அத்தகைய வகுப்பு நம் காலத்துத் திண்ணைப் பள்ளி அன்றோ!

தோழியரே, பெற்றோரே! சிறிய பள்ளியின் பெருமை அதன் சுவரில் இல்லை. யாருக்கு அது இடம் தருகிறது என்பதில்தான் இருக்கிறது. நம் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு ஒரு பழைய மாணவி ஒரு மணி நேரம் சென்று வாசிக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு குடும்பம் சில புத்தகங்கள் தரலாம். சூளைக்குச் செல்லும் வழியில் காணும் சிறுமியிடம், "பள்ளிக்கு வருகிறாயா?" என்று கேட்கலாம். சட்டாம்பிள்ளை எட்டு வயதில் செய்ததை நம்மால் பதினைந்து வயதில் செய்ய முடியாதா? திண்ணையில் சற்று நகர்ந்து உட்கார்ந்தால் இன்னொருத்திக்கு இடம் உண்டு.