ஜாக்கெட் போக மிச்சம்

உஷ்! செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வாருங்கள். ஃபேன் சுவிட்சைத் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் மேசைமேல் இருக்கும் துணித்துண்டு அத்தனையும் வாசல் வரை பறக்கும். அக்காவின் கோபமும் கூடவே பறக்கும்.

மதுரையில் ஒரு தையல் கடையின் பின்கட்டு இது; மிச்சத் துணியை உருட்டி அக்கா காதணி மணி செய்யும் இடம். முன்னால் மெஷின் கடகடக்கிறது. 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் பிட்டில் கழுத்தும் கைக்குழியும் வெட்டியது போக மிஞ்சுவதெல்லாம் இந்தச் சாக்குக்குள்தான் விழுகிறது. கையை விட்டேன். ஐயோ! மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ நிறம், புள்ளி தெறித்த சுங்குடி, யாரோ கல்யாணப் பெண்ணின் பட்டு... பலகாரத் தூக்கைத் திறந்த குழந்தையாகிவிட்டேன்.

"அது வேணாம்மா, வழுக்கும்" என்று என் கையிலிருந்த பளபளப்பைப் பிடுங்கினார் அக்கா. ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். உருகிச் சுருண்டு கெட்டி முத்தானது. பாலியஸ்டர்! அடுத்த நூலில் முடி பொசுங்கிய வாடை. நிஜப் பட்டு! அது தனி டப்பாவுக்குப் போனது.

ரகசியம் எல்லாம் வெட்டில்தான் இருக்கிறது. ஒன்றரைச் சாண் நீளம்; ஒரு முனை ஓர் அங்குல அகலம், மறுமுனை எலிவால். "கிராஸ்ல வெட்டினா பிசிறு கம்மி." அகல முனையை ஈர்க்குச்சியில் வைத்து உருட்ட வேண்டும். முதல் சுற்றுக்குப் பசை கூடாது. தடவினால் குச்சியும் மணியும் பிரியாத தம்பதியாகிவிடும். அப்புறம் லேசாகப் பசை, இறுக்கமாக உருட்டல். துணி குறுகக் குறுக ஒவ்வொரு சுற்றும் நடுவிலேயே ஏறி உட்கார, தொப்பை தள்ளி வருகிறது ஒரு குட்டி மத்தளம்! பக்கவாட்டில் பார்த்தால் சுருள்பூரி. கூவிவிட்டேன்.

என் முதல் மணி? வால் ஒரு பக்கமாக ஓடிப்போய் பீடி மாதிரி நின்றது. "இதைக் காதுல மாட்ட மாட்டாங்கம்மா, பத்த வெப்பாங்க" என்றார் அக்கா.

மேலே ஜரிகை நூல் நாலு சுற்று, ஒரு முடிச்சு, தண்ணீர் கலந்த பசை ஒரு பூச்சு. (பிசிறு முழுக்க அடங்கிவிட்டால் பிளாஸ்டிக் மணி போலாகிவிடும். கொஞ்சம் சிலிர்த்து நின்றால்தான் எனக்குப் பிடிக்கும்.) குச்சியோடு தெர்மாகோலில் குத்தி வைத்தால் ராத்திரி முழுக்கக் காயும்.

நேற்றே காய்ந்திருந்த கத்திரிப்பூ ஜோடியைக் கொக்கியில் கோர்த்துத் தந்தார் அக்கா. மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறேன், முன்கடையிலிருந்து ஒரு குரல்:

"அண்ணே, என் கத்திரிப்பூ ஜாக்கெட்ல மிச்சத் துணி ஏதும் இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூந்தலை அவிழ்த்துக் காதை மூடிக்கொண்டேன்.