கொம்பு தேடிப் போன நெருப்புக்கோழி

நெருப்புக்கோழிக்குக் காது மடல் கிடையாது. தலையின் இரு பக்கமும் பக்கத்துக்கொரு துளைதான். எல்லாப் பறவைக்கும் அப்படித்தான் என்றாலும், பெரும்பாலானவற்றில் இறகு அதை மறைத்துவிடும். நெருப்புக்கோழியின் தலையில் இருப்பது மெல்லிய தூவி. துளை வெளியே தெரியும்.

இதைப் பார்த்துப் பழகிய அரபுகள், அந்தக் காது எங்கே போயிற்று என்று ஒரு கதை சொன்னார்கள். இரண்டு கொம்பு வேண்டும் என்று நெருப்புக்கோழி தேடிப் போயிற்றாம். கொம்பு கிடைக்கவில்லை, இருந்த காதும் அறுபட்டுத் திரும்பியதாம். இதுவே பழமொழியாயிற்று; கழுதை போனதாகவும் அது வழங்குகிறது. எனக்கு நெருப்புக்கோழிதான் பொருத்தமாகப் படுகிறது. கழுதைக்குத்தான் காது நீளமாக இருக்கிறதே.

அரபியில் கேட்டால் சுவை கூடும். கொம்பு 'கர்ன்', இரண்டு கொம்பு 'கர்னைன்'. காது 'உதுன்', இரண்டு காது 'உதுனைன்'. ஒருமை, பன்மையோடு இரண்டுக்கென்றே தனி வடிவம் வைத்திருக்கும் மொழி அது. ஆசைப்பட்டதும் ஒரு சோடி, தொலைத்ததும் ஒரு சோடி. ஓசை தானாக இயைந்துவிடுகிறது.

இன்னொரு சோடி, ஹுனைனின் செருப்பு. ஹுனைன், ஈராக்கின் ஹீரா நகரத்துச் செருப்புத் தைப்பவர். ஒட்டகத்தில் வந்த நாட்டுப்புறத்தான் ஒருவன் நெடுநேரம் பேரம் பேசிவிட்டு வாங்காமலே போனான். கடுப்பான ஹுனைன் முன்னால் ஓடி, அவன் போகும் வழியில் ஒரு செருப்பையும், வெகுதூரம் தள்ளி மற்றதையும் போட்டுவிட்டு ஒளிந்துகொண்டார். முதல் செருப்பைப் பார்த்தவன், சோடி இருந்தால் எடுக்கலாமே என்று கடந்துபோனான். இரண்டாவதைக் கண்டதும் மனம் கேட்கவில்லை. ஒட்டகத்தை அங்கேயே விட்டு, முதலாவதை எடுக்கத் திரும்பி நடந்தான். வந்து பார்த்தால் ஒட்டகமும் இல்லை, சுமையும் இல்லை; ஒளிந்திருந்த ஹுனைன் ஓட்டிப்போய்விட்டார். வெறுங்கையோடு வருபவரை அரபியில் இன்றும் 'ஹுனைனின் செருப்போடு திரும்பினான்' என்பார்கள். 1124இல் மறைந்த நிஷாபூர் அறிஞர் அல் மைதானி, தம் பழமொழித் தொகுப்பில் இந்தக் கதையைச் சேர்த்திருக்கிறார்.

ஆங்கிலத்தில் நெருப்புக்கோழியின் இடத்தில் ஆட்டு மயிர் வருகிறது: கம்பளி எடுக்கப் போனவன் தன் மயிரே மழிக்கப்பட்டு வந்தான். ஸ்பானியத்திலும் இது உண்டு. 1605இல் வெளியான 'டான் கிஹோட்டே' நாவலில் வருகிறது. அனைத்தையும் பிடிக்கப் போனால் அனைத்தும் போகும் என்று நேராகச் சொல்லும் ஆங்கிலப் பழமொழியும் இருக்கிறது. அதில் படம் இல்லை, மனத்தில் ஒட்டுவதில்லை.

அரபுகள் பார்த்த அந்த நெருப்புக்கோழி இன்று இல்லை. துப்பாக்கியும் மோட்டார் வண்டியும் பாலைவனத்துக்கு வந்த பிறகு வேட்டை பெருகி, 20ஆம் நூற்றாண்டிலேயே அரேபியக் கிளையினம் அற்றுப்போயிற்று.