உங்களுக்குத் தெரியுமா? உளி நேரே கல்லில்!

பிரெஞ்சுச் சிற்பி ரொதான் பெயரில் உலகம் கொண்டாடும் சலவைக்கல் சிலைகளைச் செதுக்கியது பெரும்பாலும் ரொதான் இல்லை! அவர் களிமண்ணில் உருவம் பிடித்துக் கொடுப்பார். அளவெடுத்துக் கல்லில் வெட்டியது உதவியாளர்கள்!

அந்தப் பட்டறையில் 1907-ல் சேர்ந்தார் ருமேனியாவின் பிரான்குஷி. கொஞ்ச நாளிலேயே கிளம்பிவிட்டார்! களிமண் மாதிரியே வேண்டாமென்று உளியை நேரே கல்லில் வைத்தார். பிறந்தது ‘முத்தம்’. ஒரே கல்லில் கட்டித் தழுவும் இரண்டு பேர்!

பாரிஸில் உள்ள எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் கல்லறைக்காகச் சிற்பி எப்ஸ்டீன் உளியோடு மல்லுக்கட்டிய கல்லின் எடை? 20 டன்! சிறகு விரித்த அந்த உருவத்துக்கு ஆடை இல்லை. பாரிஸ் அதிகாரிகள் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள்!

இதைக் கேளுங்கள். இங்கிலாந்தில் நேரடிச் செதுக்கலுக்குக் கொடி பிடித்தவர் எரிக் கில். கல்லில் எழுத்து வெட்டிப் பிழைத்தவர். 1914-ல் அவர் முன்னுரை எழுதிய புத்தகத்தின் பெயர் ‘விஸ்வகர்மா’! உள்ளே நம் நாட்டுச் சிற்பங்கள்! தொகுத்தவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அப்பா முத்து குமாரசுவாமி, அசல் தமிழர்!

ஐரோப்பா புரட்சி என்று கொண்டாடியது நமக்குப் பழைய சங்கதி! செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் கல்வெட்டே வெட்டி வைத்தார் மகேந்திரவர்மப் பல்லவர். 1400 வருஷத்துக்கு முன்னால்!

மாமல்லபுரத்து ஐந்து ரதங்களை மேலிருந்து கீழே செதுக்கினார்கள். முதலில் உச்சி, பிறகுதான் அடித்தளம்!

காஞ்சி வரதர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்து மூலையில் தொங்கும் கல் சங்கிலியை அண்ணாந்து பாருங்கள். கோத்ததில்லை, ஒட்டியதில்லை. வளையத்துக்குள் வளையமாக ஒரே கல்லிலிருந்து குடைந்து விடுவித்தது! கை கொஞ்சம் பிசகியிருந்தால் அத்தனை உழைப்பும் பாழ்!

செவிலிமேட்டுக்காரர்களே, உங்களுக்குத்தான் அதிர்ஷ்டம்! பாலாற்றுப் பாலம் தாண்டி வந்தவாசி சாலையில் போனால் தூசி மாமண்டூர். அங்கே நான்கு பல்லவர் குடைவரைகள்! வேலை முடியாமல் விட்ட பாறையில் உளித் தழும்பு அப்படியே இருக்கிறது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பாருங்கள்!