அளந்து சொல்வதற்கும் கூலி உண்டு

விளையாட்டு அறிவியல் படிக்கப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் மனதில் இருப்பது ஒரே கணக்குதான்: படித்து முடித்தால் பி.டி. வாத்தியார் வேலை. பிள்ளைகளும் அதையே நம்பி, தேர்வு வாரிய அறிவிப்புக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு, இந்த மாணவர்களுக்கு வகுப்பெடுக்க அவ்வப்போது போய்வருகிறேன். அவர்கள் கற்ற வித்தைக்குச் சந்தையில் விலை உண்டு என்று யாருமே அவர்களிடம் சொன்னதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் படிப்பு புதிதல்ல. ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஓடும்போது முழங்காலில் எவ்வளவு பாரம் விழுகிறது, களைப்பு எங்கிருந்து வருகிறது, எந்த வயதில் எந்தப் பயிற்சி ஆகாது என்றெல்லாம் இந்தப் பிள்ளைகள் அளந்து சொல்வார்கள்.

அளப்பதிலிருந்து தொழில் பிறக்குமா? 1965இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆட்டத்தின்போது வீரர்களுக்கு ஏன் சிறுநீரே வருவதில்லை என்று ஒரு பயிற்சியாளர் கேட்டார். சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடும் அவருடைய குழுவினரும் வீரர்களைச் சோதித்தார்கள். உடம்பின் நீரும் உப்பும் வியர்வையிலேயே போய்விடுவது தெரிந்தது. தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்து ஒரு பானம் செய்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னவர் கேடின் மனைவி. அதுதான் கேட்டரேட். அதன் உரிமைத் தொகையில் ஒரு பங்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போகிறது. உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸை நாம் காலங்காலமாகக் குடிக்கிறோம். அவர்கள் மைதானத்தில் எழுந்த கேள்வியை அளந்து பார்த்து, விடையைப் பாட்டிலில் அடைத்து விற்றார்கள்.

நம் பிள்ளைகள் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. என் வகுப்பில் ஒரு மாணவி, தென்காசிப் பக்கத்துப் பெண், ஒரு யோசனையோடு வந்தாள். தனியார் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் உடல்தகுதியைச் சோதித்து, ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருவது. 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து குனிந்து கால்விரலைத் தொடுவது, உயரம், எடை. டேப், ஸ்டாப் வாட்ச், எடை மெஷின் எல்லாம் கையில் இருந்தன. பிள்ளைக்கு 20 ரூபாய் கேட்கப் போவதாகச் சொன்னாள்.

"ஏன் 20?"

"அதுக்கு மேல கேக்கக் கூச்சமா இருக்கு, மேடம்."

கரும்பலகையில் எழுதச் சொன்னேன். 300 பிள்ளைகள், 6,000 ரூபாய் வரவு. நாலு பேர், இரண்டு நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 600 என்றால் கூலி மட்டும் 4,800. பஸ், சாப்பாடு 1,600. அட்டை அச்சிட 1,500. மொத்தம் 7,900. கையை விட்டு 1,900 போகிறது. தன் கூலியையும் தோழிகளின் கூலியையும் அவள் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. 45 ரூபாய் என்று போட்டுப் பார்த்தோம், 5,600 மிஞ்சியது. "இவ்வளவு குடுப்பாங்களா?" என்றாள். நாலு மாதம் கழித்து மறுபடி சோதித்து, பிள்ளை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று அதே அட்டையில் காட்டினால் கொடுப்பார்கள் என்றேன். பெற்றோருக்குத் தேவை அந்த இரண்டாவது எண்தான்.

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத துணிச்சலா? தோற்றாலும் மறுநாள் விடியற்காலை மைதானத்தில் நிற்பார்கள். பணம் கேட்கும்போதுதான் வாய் வருவதில்லை. அதனால்தான் தொழில் தொடங்குவது பற்றிக் கல்லூரிகள் பேச்சாளரை அழைத்து நடத்தும் ஒருநாள் கருத்தரங்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாணவர்கள் படிக்கும்போதே ஒரு வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்து, வேலை செய்து, ரசீது கொடுத்துப் பணம் வாங்கி வர வேண்டும். கல்லூரிகள் அதற்கு மதிப்பெண் கொடுக்கட்டும்.

கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். சோதனைக் கருவிகள் வாங்க அது போதும். பட்டம் பெற்ற முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் இருக்கிறது. 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் முதல் நாளே கடன் வாங்கி ஜிம் திறக்காதீர்கள். வாடகையும் மெஷின் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரித்த கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புரோட்டீன் பவுடர் ஏஜென்சியும் வேண்டாம். அதில் தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால், தெரியாமல் சாப்பிட்ட வீரர்தான் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவார். அடிபட்ட காலுக்குச் சிகிச்சை செய்வதும் உங்கள் வேலை அல்ல, பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புங்கள். எல்லை தெரிந்தவரைத்தான் ஊர் நம்பும்.

பள்ளி நடத்துபவர்களுக்கும், குடியிருப்புச் சங்கம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் விளையாட்டு அறிவியல் படித்த பிள்ளை யாராவது இருப்பார்கள். விளையாட்டு விழாவுக்கு விசில் ஊத மட்டும் கூப்பிடாமல், பிள்ளைகளின் உடல்தகுதியைச் சோதிக்கவும், மூட்டுவலிக்குப் பயந்து வீட்டிலேயே முடங்கிய பெரியவர்களுக்கு நடைப்பயிற்சி சொல்லித்தரவும் அழையுங்கள். என்ன கட்டணம் என்று முதலிலேயே கேட்டு, வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுங்கள்.