ஒரு வாட் போதும், அம்மணி!

குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஒரு மூன்றாம் மாடிக் குடித்தனம். சென்ற வாரம் அங்கே போயிருந்தேன்.

"கூடத்தில் இருக்கிற வைஃபை பின் அறைக்கு வரமாட்டேன் என்கிறது. பையனுக்குப் பரீட்சை, பாடம் கேட்க முடியவில்லை. சக்தியைக் கூட்ட ஏதோ கருவி விற்கிறார்களாமே, வாங்கலாமா?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மாள்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்குமே!

ரேடியோ வைத்துக்கொள்ளவே தபாலாபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிய காலம் உங்கள் பாட்டிக்கு நினைவிருக்கும். 1933-ம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடி அது. கேட்கிற பெட்டிக்கே அப்படியென்றால், பேசவும் செய்கிற ரூட்டருக்கு ஏன் லைசென்ஸ் இல்லை?

2005 ஜனவரியில் மத்திய அரசு தந்த விலக்குதான் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அது மூன்று எல்லைகளை வகுத்தது. கருவியின் சக்தி 1 வாட்; ஏரியல் ஒரு திசையில் குவிக்கும் பலத்தையும் சேர்த்தால் 4 வாட்; ஏரியலின் உயரம் கூரைக்கு மேல் 5 மீட்டர். இதைத் தாண்டினால் சலுகை கிடையாது.

ஒரு வாட்தானா என்று முகம் சுளிக்காதீர்கள். சாதாரண வீட்டு ரூட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருக்கிறது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? அந்த அலைவரிசை யாருக்கும் தனிச் சொத்தல்ல. ஒன்றோடொன்று மோதாத பாதைகள் அதில் மூன்றே மூன்று. மாடிக்கு நாலு குடித்தனம் அதைப் பங்கிட வேண்டும். திருவிழாவில் ஒரு கடைக்காரர் ஒலிபெருக்கியை அலறவிட்டால் அடுத்த கடைக்காரரும் கூட்டுவார். கடைசியில் யார் பேச்சும் காதில் விழாது. உங்கள் பையன் பாடம் கேட்க, அடுத்த வீட்டுப் பெண்ணின் பாடம் நிற்கலாமா?

இன்னொரு சங்கதி. ரூட்டர் உரக்கப் பேசினால் போதாது. கைபேசி பதில் சொல்ல வேண்டாமா? அதன் குரல் மெல்லியது. அதை எந்தக் கள்ளக் கருவியும் உயர்த்தாது.

பின் என்ன செய்வது? ரூட்டரை வீட்டின் நடுவில், தோள் உயரத்துக்கு மேல் வையுங்கள். பிரிட்ஜ், பீரோ, மைக்ரோவேவ் அடுப்பு இவற்றின் அருகில் வேண்டாம். வாங்கும்போது அமைப்பில் 'இந்தியா' என்றே தேர்ந்தெடுங்கள்.

அம்மாள் ரூட்டரை நடை அலமாரிக்கு மாற்றினார். பையன் இப்போது பின் அறையிலேயே படிக்கிறான். கருவிக்கென்று எடுத்து வைத்த பணம் மலைக்கோவில் உண்டியலுக்கா, புடவைக் கடைக்கா என்பதுதான் பாக்கியுள்ள விவாதம்!